இரண்டாவது முக்காலி: நான் டச்சு படித்த வருடம்

“இங்கிலீஷையே நீ எழுத்துக் கூட்டித்தான் படிக்கே. இதுல டச்சு வேறயா? சரி, மொதல்ல அந்த நாடு எங்க இருக்குன்னு மேப்புல தொட்டுக் காட்டு, பாப்போம்.”

எங்கள் மேனேஜர் இதைச் சொன்னபோது அலுவலகத்தில் எல்லோரும் இருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய உலகப் படம் தொங்கியது. நான் எழுந்து போய், ஐரோப்பாவின் வடக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டின் மேல் தைரியமாக விரலை வைத்தேன். அது டென்மார்க். மேனேஜர் சிரிக்கவில்லை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிர் மேசையில் இருந்த பி.காம். படித்த கிளார்க்தான் எனக்காகப் பரிந்து பேசினார். “ரொம்பத் தப்பில்ல சார். நடுவுல ஒரே ஒரு நாடுதான்.”

அவ்வளவுதான், அலுவலகம் முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு எனக்கு டென்மார்க் என்றே பெயர்.

ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனி எங்களுடையது. எங்களுடையது என்றால் முதலாளியுடையது. ஆனால் அம்மா பதினேழு வருடமாக அங்கே பேக்கிங்கில் வேலை பார்க்கிறாள், நான் அங்கேயே டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்திருக்கிறேன், அதனால் வீட்டில் ‘நம்ம கம்பெனி’ என்றுதான் பேச்சு. அப்பா நூற்பாலைத் தொழிலாளி. அப்பா, அம்மா, அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் யாருக்கும் எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்தின் வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

டச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். தொண்ணூறுகள் இப்போதுதான் தொடங்கியிருக்கின்றன. கம்பெனிக்கு அப்போதுதான் ஃபேக்ஸ் மிஷின் வந்திருந்தது. எங்கள் பேண்டேஜை மொத்தமாக வாங்குகிற ஹாலந்துக் கம்பெனியிலிருந்து ஆவணி மாதம் ஒரு ஃபேக்ஸ் வந்தது. குறை பார்த்துத் தரம் பிரிக்கிற அவர்களுடைய முறையைக் கற்றுக்கொள்ள, எங்கள் கம்பெனியிலிருந்து ஒருவரை மூன்று மாதம் அங்கே வரவழைக்கப் போகிறார்கள். அங்கே பேக்கிங்கில் இருப்பவர்கள் வயதான பெண்கள், டச்சு தவிர வேறு பேச்சு அவர்களுக்கு ஓடாது. ஆகவே வருகிறவருக்கு அந்த மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். பொங்கல் கழிந்து அவர்களுடைய ஆள் ஒருவர் நேரில் வந்து, விருப்பம் சொன்னவர்களோடு பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்.

அந்த ஃபேக்ஸைப் படித்து நகல் எடுத்து முதலாளி மேசையில் வைத்தவள் நான். ஒருவர் என்று போட்டிருந்ததே தவிர, ஆண் என்று போடவில்லை, பட்டதாரி என்றும் போடவில்லை. இரண்டு தடவை படித்து உறுதி செய்துகொண்டேன். மேனேஜர் மனதில் கிளார்க்கின் பெயர் முன்பே எழுதியாகிவிட்டது. அவர் சேத்தூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர், மதுரைக் கல்லூரியில் படித்தவர், போனில் இங்கிலீஷில் பேசக்கூடியவர். நானும் விருப்பம் சொல்கிறேன் என்று போய் நின்றபோதுதான் அந்த உலகப் படப் பரீட்சை.

மொழியைப் படிக்கப் புத்தகம் வேண்டுமே. ராஜபாளையத்தில் எந்தக் கடையில் கேட்டாலும் இந்தி முப்பது நாளில் இருந்தது, மலையாளம் முப்பது நாளில் இருந்தது. டச்சு எத்தனை நாளிலும் இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமை அம்மாவோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்த திருவண்ணாமலை என்கிற குன்றுக்குப் போய் ஏறிப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகங்களைச் சாக்கில் பரப்பி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பத்தாம் வகுப்பு நோட்ஸ், பஞ்சாங்கம், கிழிந்த பைபிள். அதற்கு அடியில் சிவப்பு அட்டையில் ஒரு தடித்த புத்தகம்: இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கான டச்சு இலக்கணம். எந்தப் பாதிரியார் எந்தக் காலத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாரோ, ஓரம் முழுக்கப் பென்சில் குறிப்பு. விலை கேட்பதற்கு முன்பே அதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அம்மா புரட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். “சாமிக்குப் போயிட்டு வந்தா மனுசரு துளசி கொண்டு வருவாக. இவ கரையான் தின்ன குப்பையத் தூக்கிட்டு வாரா.”

கரையான் தின்றது உண்மைதான். முதல் இரண்டு பாடங்கள் போயே போய்விட்டன. அவை எழுத்தும் உச்சரிப்பும் சொல்லித் தருகிற பாடங்கள். மூன்றாம் பாடத்திலிருந்து வாக்கிய அமைப்பு, அதுமட்டும் முழுசாக இருந்தது. ஆக, நான் டச்சைப் படிக்கத் தொடங்கியது வாய் இல்லாமல். எந்தச் சொல் எங்கே உட்காரும் என்று தெரியும், அதை எப்படிச் சொல்வது என்று தெரியாது.

வாய் கிடைத்தது அப்பாவின் ட்ரான்சிஸ்டரில். ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் மொட்டை மாடியில் ஏரியலைத் துணி காயப்போடும் கம்பியில் சுற்றிக் குமிழைத் திருப்பினால், இரைச்சலுக்கு நடுவே ஹாலந்து நிலையம் பிடிக்கும். என்ன சொல்கிறார்கள் என்று புரியாது. ஆனால் தொண்டையைக் காறுவது போல ஒரு ஒலி அடிக்கடி வரும். தமிழில் அதை எழுத ஒரே வழி ஆய்த எழுத்துதான் என்று எனக்குப்பட்டது. பள்ளிக்கூடத்தில் மூன்று புள்ளி வைக்கப் படித்ததோடு சரி, அதற்கு இப்படி ஒரு வேலை வரும் என்று யார் கண்டது. காலை வணக்கம் என்பதற்கு ‘ஃகூடமோர்ஃகன்’ என்று நோட்டில் எழுதிப் பழகினேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பேக்கிங் பெண்கள் அதைக் கேட்டார்கள்.

“ஏட்டி, ஒம் மகளுக்குத் தொண்டையில மீன் முள்ளு சிக்கியிருக்கா?” என்றாள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரும் அக்கா.

“அதுக்குச் சோத்து உருண்டைய முழுங்கச் சொல்லு” என்றாள் இன்னொருத்தி.

அம்மா எனக்கு ஒரு உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தாள், அதுதான் அவள் பதில்.

இப்போது இலக்கணத்துக்கு வருகிறேன், சொல்லாமல் இருக்க முடியாது. புத்தகத்தில் முதலில் என்னைத் துள்ள வைத்தது ஒரு சின்ன வாக்கியம். ‘நான் நாளைக்கு பஸ்ஸில் மதுரைக்குப் போகிறேன்’ என்று நாம் சொல்கிறோம். எப்போது, எதில், எங்கே என்ற வரிசை. பள்ளிக்கூடத்தில் இதை அப்படியே இங்கிலீஷில் எழுதி எத்தனை முறை சிவப்பு மை வாங்கியிருக்கிறேன். இங்கிலீஷுக்கு ஊர் முதலில் வர வேண்டும், வண்டி அப்புறம், நாள் கடைசியில். டச்சு அப்படி இல்லை. ‘இக் ஃகா மோர்ஃகன் மெட் டெ பஸ் நார் மதுரை.’ இக் என்றால் நான், ஃகா என்றால் போகிறேன், மோர்ஃகன் நாளைக்கு, மெட் டெ பஸ் பஸ்ஸில், நார் மதுரை மதுரைக்கு. எப்போது, எதில், எங்கே. அந்தப் பக்கத்தைப் படித்த இடத்திலேயே, டைப் அடிக்க வேண்டிய கடிதத்தை விட்டுவிட்டுச் சிரித்தேன். இத்தனை வருடம் நான் செய்த தப்பு இன்னொரு நாட்டில் சரி.

அடுத்து மரியாதை. இங்கிலீஷில் முதலாளிக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே சொல்தான். டச்சில் நீ என்பதற்கு ‘யெய்’, நீங்கள் என்பதற்கு ‘யூ’. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று ராஜபாளையத்துப் பிள்ளைக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும். போதாததற்கு எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்கு. ஒரு வாசலில் ஒரு பேச்சு, அடுத்த வாசலில் வேறு பேச்சு என்று மாற்றிக்கொள்வது எங்களுக்குப் பழகிய வேலை.

முட்டி நின்றது ஒரே இடத்தில். வினைச்சொல் எப்போதும் இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. ‘நான் பெட்டியைப் பேக் செய்கிறேன்’ என்றால் ‘இக் பாக் டெ டோஸ் இன்’. டோஸ் என்றால் பெட்டி. பாக், இன் இரண்டும் சேர்ந்துதான் பேக் செய்வது, ஆனால் அந்தச் சொல் இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு இரண்டாம் இடத்திலும் மறு துண்டு கடைசியிலும் போய் நின்றுகொள்கிறது. சரி, போகட்டும். ஆனால் முன்னால் ‘இன்று’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் எல்லாம் புரண்டுவிடும். ‘வண்டாஃக் பாக் இக் டெ டோஸ் இன்.’ ‘நான்’ என்பது வினைக்குப் பின்னால் போய்விடுகிறது. ஏன் போகிறது? நான் என்ன தப்பு செய்தேன்? பத்து நாள் இந்த இடத்திலேயே கிடந்தேன். மனப்பாடம் செய்தால் மறுநாள் காலையில் மறந்துவிடும்.

தீபாவளி நெருங்கிய சமயம், ஒரு பில்லைக் கொடுக்கப் பேக்கிங் அறைக்குப் போனேன். நீள மேசை, அதன் ஒரு பக்கமாக நான்கு முக்காலிகள். முதலாவது முக்காலியில் இருப்பவள் வெட்டிய துணியை எடுத்து நீட்டுவாள். இரண்டாவது அம்மா. அவள் முன்னால் கைப்பிடி வைத்த சுற்றுகிற மிஷின், மேசையோடு போல்ட் போட்டு முடுக்கியது. துணியைச் சுருட்டிக் கழற்றி மூன்றாவது ஆளுக்குத் தள்ளுவாள். மூன்றாவது ஆள் காகிதம் சுற்றுவாள், நான்காவது ஆள் அட்டைப் பெட்டிக்குள் அடுக்கி மூடியை ஒட்டுவாள். அன்றைக்கு முதல் முக்காலியில் புதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அங்கே இருக்கும் மீன் முள் அக்கா அம்மாவைத் தாண்டி, ஆள் குறைந்திருந்த மூன்றாவதில் இருந்தாள்.

“என்னக்கா, எடம் மாறிட்டீங்க?”

“புதுப் பிள்ள வந்துட்டால்ல. நான் ஒங்கம்மாவத் தாண்டி இங்க வந்துட்டேன். ஒங்கம்மாவ அசைக்க ஏலுமா, மிஷினோட சேத்துல்ல முடுக்கி வச்சிருக்கு.”

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். புதுப் பெண்தான் ‘இன்று’. அக்காதான் ‘நான்’. அம்மாதான் வினைச்சொல். முன்னால் வேறு யார் வந்து உட்கார்ந்தாலும் முன்பு இருந்தவள் அம்மாவைத் தாண்டி மூன்றாவதுக்குப் போக வேண்டும், அம்மா அசைய மாட்டாள். கடைசி முக்காலியில் மூடியை ஒட்டுகிறவள்தான் அந்த ‘இன்’. அவள் ஒட்டினால்தான் பெட்டி முடியும், வாக்கியமும் முடியும்.

அன்று மாலை வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் காய் நறுக்கியபடி கேட்டாள். கேட்டுவிட்டு, “அப்ப அந்த ஊர்ப் பேச்சுல நான் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு சொல்லு” என்றாள்.

“நடக்காது.”

“எம்புட்டு நாளைக்கு என்னைய அங்கனயே ஒக்கார வைப்பாக?”

நல்ல கேள்வி. அதற்கும் புத்தகத்தில் பதில் இருந்தது, இரண்டு பாடம் தள்ளி. ‘ஓம்டாட்’ என்று ஒரு சொல் உண்டு, ஏனென்றால் என்று அர்த்தம். அது வந்துவிட்டால் வினைச்சொல் இரண்டாம் இடத்தை விட்டு எழுந்து கடைசிக்குப் போய்விடும், பிளந்து கிடந்த இரண்டு துண்டும் அங்கே ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ‘ஓம்டாட் இக் டெ டோஸ் இன்பாக்.’ ஏனென்றால், நான், பெட்டியை, பேக் செய்கிறேன். தமிழேதான். சொல்லுக்குச் சொல் தமிழ். நான் அடுப்படிக்கு ஓடிப் போய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவளும் பின்னாலேயே சொல்லிப் பார்த்தாள். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. ஆனால் தை பிறப்பதற்குள் அந்தப் பெட்டி வாக்கியம் மட்டும் மூன்று விதத்திலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மிஷினைச் சுற்றும்போது முனகுவாள். பக்கத்து முக்காலிக்காரிகளுக்கும் தொற்றிக்கொண்டது.

கிளார்க் டச்சு படிக்கவில்லை. “அங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்மா, சும்மா எழுதியிருக்கான்” என்பார். நல்ல மனிதர், ஆனால் அது அவர் எண்ணம். மேனேஜருக்கும் அதே எண்ணம்தான். “பாவம், ஆசப்படுது, அதுவும் பேசிப் பாக்கட்டும்” என்று முதலாளியிடம் என்னைப் பற்றிச் சொன்னதை நான் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். அந்தப் பாவத்தைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. போனால் கிளார்க் போவார், இல்லாவிட்டால் நான் போவேன், மூன்றாவது ஆள் இல்லை. வேறு ஒரு வழியும் எனக்கு அப்போது தெரியவில்லை, இந்த மேசையிலேயே கடிதம் அடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

பொங்கல் கழிந்து ஹாலந்துக்காரர் மதுரையிலிருந்து காரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நிலைப்படிக்குக் குனிந்து வருகிற உயரம். கிளார்க்கை முதலில் கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது, முழுக்க இங்கிலீஷ். அடுத்து நான்.

நான் பதினாறு கேள்விகளுக்குப் பதில் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டவற்றில் ஏழு அதில் இருந்தன. ஏன் வர விரும்புகிறீர்கள் என்று கேட்டார். ‘ஓம்டாட்’ என்று தொடங்கி, எங்கள் பெட்டியை அந்தப் பக்கம் திறக்கிற கைகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, வினையைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தேன். தடுக்கவில்லை. மேனேஜர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலந்துக்காரர் தலையை ஆட்டினார், நோட்டில் எழுதினார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதில்கள் நேராக வந்து விழுந்தன, ஆனால் விழுந்த இடத்தில் சத்தமே இல்லை. அது எனக்கே தெரிந்தது.

மேனேஜர் போதும் என்று கை காட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு அலுவலகத்தில் ஏற்றுமதிக் காகிதம் ஒன்றுக்கு முத்திரை வாங்க வேண்டும், பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடி என்று முன்பே சொல்லியிருந்தார். நான் எழுந்தேன். பெரியவரிடம் சொல்லிக்கொள்ளாமல் எப்படிக் கிளம்புவது? ஒரு நொடி யோசித்து டச்சிலேயே சொன்னேன்: “இக் ஃகா நூ, என் இக் கோம் டெருஃக்.” நான் இப்போது போகிறேன், திரும்பி வருகிறேன். வினை இரண்டாவது இடத்தில், துண்டு கடைசியில். அன்றைக்கு மனப்பாடம் செய்யாமல் நானாகக் கட்டிய முதல் வாக்கியம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ஃகூட்” என்றார். நல்லது என்று அர்த்தம். நான் பறந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அதிகாரி சாப்பாட்டுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து, ஏழு பதிலையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். முத்திரை வாங்கிக்கொண்டு கம்பெனி வாசலில் இறங்கியபோது மணி நாலு. கார் அங்கேயே நின்றது.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்தபடி சொன்னார், “வாம்மா. அந்த வெள்ளக்காரரு ஒனக்காவ சோறு திங்காம ஒக்காந்துருக்காரு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேனேஜர் வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார். “அவர்ட்ட என்னம்மா சொல்லித் தொலைச்ச? மதுரையில ப்ளேன் இருக்கு அவருக்கு. கெளம்புங்கன்னா கெளம்ப மாட்டேங்காரு. சாப்பிடக் கூப்பிட்டா, அந்தப் பொண்ணு வரட்டும், சேந்து சாப்பிடலாங்காரு. திரும்பி வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கியாமே.”

“போயிட்டு வாரேன்னு சொன்னேன் சார்.”

“அத எல்லாருந்தான சொல்லுவோம்.”

“அத டச்சுல சொன்னேன் சார்.”

மேனேஜர் என்னையே பார்த்தார். பின்னாலிருந்து கிளார்க் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். மூன்றரை மணி நேரம். ஒரு மனிதனைப் பட்டினி போட்டு உட்கார வைத்திருக்கிறேன். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

“எங்க சார் இருக்காரு?”

“எங்க இருக்காரு. ஒங்கம்மாட்டத்தான்.”

பேக்கிங் அறையில் அவர் முதல் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் மேசைக்கு மேலே வந்திருந்தன. துணியை எடுத்து அம்மாவுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா மூன்றாவது முக்காலியில். அம்மா தன் இடத்தில் மிஷினைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அக்கா சொன்னாள், “ஏட்டி, இவரு வந்து நின்னு பாத்தாரா, ஒங்கம்மா சும்மா இருக்காம அந்தப் பெட்டிப் பாட்டச் சொல்லிட்டா. மனுசன் அரண்டு போயிட்டாரு. பொறவு நானும் சொன்னேன், அவளும் சொன்னா. அப்பத்திலேர்ந்து எந்திரிக்கவே இல்ல.”

அவர் என்னிடம் டச்சில் கேட்டார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக: திரும்பி வருகிறேன் என்றீர்கள், ஏன் இவ்வளவு நேரம்?

என் பதினாறு பதில்களில் இது இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வெறுமனே நின்றிருக்கலாம். ஆனால் அம்மா மிஷினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், மேசையே பார்த்தது. ‘ஓம்டாட்’ என்று தொடங்கினேன். எங்கள் ஊரில் போகிறேன் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். திரும்பி வராதவர்கள்தான் அப்படிப் போவார்கள். அதனால் கடைக்குப் போனாலும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்வோம், ஊரை விட்டே போனாலும் சொல்வோம், இனிமேல் பார்க்கவே போவதில்லை என்று தெரிந்தவரிடமும் சொல்வோம். நடுவில் ஒரு வினை தவறான இடத்தில் விழுந்தது, எடுத்துத் திரும்ப வைத்தேன். மரணம் என்பதற்குச் சொல் தெரியவில்லை, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினேன். அவர் குறுக்கிடவில்லை. பிறகு நான் கேட்டேன்: நீங்கள் கிளம்பும்போது என்ன சொல்வீர்கள்?

“டொட் சீன்ஸ்” என்றார். மறுபடி பார்க்கிறவரை என்று அர்த்தம்.

“எல்லோரையும் மறுபடி பார்ப்பீர்களா?”

அவர் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதன் பிறகு கேள்விமேல் கேள்வி. பெட்டிப் பாட்டை அம்மாவுக்கு ஏன் சொல்லிக் கொடுத்தேன்? நான் முக்காலிகளைக் காட்டி, வினைச்சொல் என்று அம்மாவைத் தொட்டேன். அவரைக் காட்டி ‘வண்டாஃக்’, இன்று, என்றேன். அவர் முதல் முக்காலியில்தானே இருந்தார். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது, கிளார்க்தான் பிறகு சொன்னார், நாற்பது நிமிடம் என்று. எனக்குப் பசித்தது, தொண்டை வலித்தது, ஆனால் நிறுத்த மனமில்லை. ஒரு மொழிக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன், கீழே தரை இருந்தது.

அவர் மேனேஜரிடம் இங்கிலீஷில் சொன்னது எனக்கும் தெளிவாகக் கேட்டது. காலையில் இந்தப் பெண் சொன்னதெல்லாம் புத்தகத்திலிருந்து வந்தது, அதை வைத்து மொழி தெரியுமா தெரியாதா என்று என்னால் சொல்லியிருக்க முடியாது. கிளம்பியிருந்தால் இன்னொருவர் பெயரைத்தான் எழுதியிருப்பேன். இப்போது தெரியும். இவரையே அனுப்புங்கள்.

தயிர்ச்சோறும் ஊறுகாயும் அந்த மேசையிலேயே சாப்பிட்டார். கார் கிளம்பும்போது நான் டொட் சீன்ஸ் என்றேன். அம்மா மட்டும் எப்போதும் போல, “போயிட்டு வாங்கய்யா” என்றாள். அவருக்கு அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் மேனேஜர் என் மேசைக்கு வந்து ஒரு குண்டூசியை வைத்தார். “போ, குத்து.” நான் எழுந்து போய் ஹாலந்தின் மேல் குத்தினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்து, “ம், சரியாத்தான் இருக்கு” என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. கிளார்க் அந்தச் சிவப்புப் புத்தகத்தைக் கடன் கேட்டிருக்கிறார். அடுத்த தடவை அவர் போகட்டும். முதல் இரண்டு பாடம் இல்லை என்று எச்சரித்திருக்கிறேன், மொட்டை மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், “அங்க சோறு கெடைக்குமா?” கிடைக்காவிட்டால் உருளைக்கிழங்கு தின்பேன் என்றேன்.

போன திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன், அம்மாவும் கூட வந்தாள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் எல்லாக் கட்டங்களையும் நானே நிரப்பி, கோர்ட் வாசலில் நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். முத்திரை விழுகிற சத்தம் கேட்கும்வரை அம்மா கவுண்டரை விட்டு நகரவில்லை. ரசீதைச் சிவப்புப் புத்தகத்துக்குள் வைத்தேன், பதினோராம் பாடத்தில். நேற்று அந்தப் பாடத்தை முடித்து, பன்னிரண்டாம் பாடத்துக்கு அதை நகர்த்தி வைத்தேன்.